உஸ்பெக் நாட்டார் வழக்காறும் தேசிய அடையாளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உஸ்பெகிஸ்தான் என்றதும் சமர்கந்தின் நீலக் குவிமாடங்களும் தைமூரின் பெயருமே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. கல்லில் கட்டப்பட்ட அந்த வரலாற்றுக்கு அருகிலேயே, இரண்டு நரம்புகள் கொண்ட ஓர் இசைக்கருவியையும் மனித நினைவாற்றலையும் மட்டுமே நம்பி வாழ்ந்த இன்னொரு மரபும் அங்கே உண்டு. அந்த மரபு எவ்வாறு ஒரு தேசத்தின் அடையாளமாக ஆக்கப்பட்டது என்பதைப் பற்றி வாசகர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

உஸ்பெக் நாட்டார் வழக்காறு என்னும் சொல்லுக்குள் எவையெல்லாம் அடங்கும்?

உரைநடையும் செய்யுளும் மாறி மாறி வரும் நெடிய கதைப்பாடல்களான தஸ்தான்களே இவற்றுள் மிகுந்த மதிப்புப் பெற்றவை. அவற்றை அடுத்து எர்தக் எனப்படும் கதைகள், லதீஃபா எனப்படும் நகைச்சுவைத் துணுக்குகள், அல்லா எனப்படும் தாலாட்டுகள், மணப்பெண் பிறந்த வீட்டை விட்டுப் புறப்படும்போது பாடப்படும் யோர்-யோர் பாடல்கள், இறந்தவரை நினைந்து அழும் பாடல்கள், மழை வேண்டிச் செய்யும் சடங்குகள், சொற்போர் விளையாட்டுகள் ஆகியவை வருகின்றன. கதை சொல்லத் தொடங்கும் பாட்டி, "பிர் போர் எகன், பிர் யோக் எகன், பிர் ஓச் எகன், பிர் தோக் எகன்" என்று ஆரம்பிப்பார். ஒருவன் இருந்தானாம், ஒருவன் இல்லையாம். ஒருவன் பசித்திருந்தானாம், ஒருவன் வயிறு நிறைந்திருந்தானாம் என்பது இதன் பொருள். கதை மெய்யா பொய்யா என்ற கேள்வியை முதல் பாதியிலேயே தள்ளிவிட்டு, பசியையும் நிறைவையும் அடுத்த பாதியில் கொண்டுவந்து நிறுத்தும் இந்தத் தொடக்கத்தை அறியாத உஸ்பெக் குழந்தையைக் காண்பது அரிது.

'உஸ்பெக் தேசம்' என்பது பழமையான கருத்தா?

பெயர் பழமையானது, அப்பெயர் இன்று குறிக்கும் பொருள் புதியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷைபானி கானின் தலைமையில் வடக்குப் புல்வெளிகளிலிருந்து வந்து சமர்கந்தைக் கைப்பற்றிய நாடோடிக் குலங்களையே 'உஸ்பெக்' என்னும் சொல் முதன்மையாகக் குறித்தது. அவர்களைத் 'தொண்ணூற்றிரண்டு குலத்து உஸ்பெக்குகள்' என்று சொல்வது மரபு. நகரங்களிலும் வாய்க்கால் பாசன ஊர்களிலும் வாழ்ந்தவர்களோ தங்களைத் துருக்கியர் என்றோ, சார்த் என்றோ, வெறுமனே புகாரா ஊரார், தாஷ்கண்ட் ஊரார் என்றோ சொல்லிக்கொண்டார்கள். துர்க்கிஸ்தான், புகாரா, குவாரிஸ்ம் என்று பிரிந்து கிடந்த நிலப்பரப்புகளைச் சோவியத் ஆட்சி மொழியையும் இனத்தையும் அளவுகோலாகக் கொண்டு மறுபடி வரைந்தபோது, 1924 அக்டோபர் 27 அன்று உஸ்பெக் சோவியத் குடியரசு உருவானது. எல்லைக் கோடு வரையப்பட்ட பிறகு அந்தக் கோட்டுக்குள் இருப்பவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது. செவ்வியல் இலக்கியத்தில், பழைய துருக்கிய இலக்கிய மொழியான சகதாயில் பாடிய கவிஞர் அலிஷேர் நவாயி (1441–1501) அந்தப் பணிக்கு அழைக்கப்பட்டார். எழுதப் படிக்கத் தெரியாத பெரும்பான்மையினரின் பக்கத்திலிருந்து நாட்டார் வழக்காறு அழைக்கப்பட்டது.

ஆகவே ஒரு தேசம் முதலில் இருந்தது, அது தன் கதைகளைப் பாடிக்கொண்டிருந்தது என்று எண்ணுவது வசதியான தவறு. ஒரு குலத்துக்கும் ஒரு பள்ளத்தாக்குக்கும் ஓர் ஊருக்கும் உரியவையாக இருந்த பாடல்கள் முதலில் இருந்தன. அவற்றைப் பொறுக்கியெடுத்து, சில வேளைகளில் வெட்டியும் ஒட்டியும், தேசத்துக்குரியவையாக ஆக்கிய மனிதர்களும் நிறுவனங்களும் பின்னால் வந்தார்கள். இந்தப் பக்கத்தில் வரும் விடைகள் பெரும்பாலும் அந்தப் பொறுக்கலைப் பற்றியவையே.

'அல்போமிஷ்' காப்பியத்தின் கதை என்ன? அதற்கு ஏன் இவ்வளவு முதன்மை?

நாட்டின் தென்கோடியிலுள்ள சுர்கான்தர்யா மாகாணத்தின் போய்சுன் மலைப்பகுதியில் கோங்கிரத் குலம் வாழ்கிறது. போய்போரி, போய்சோரி என்னும் இரு சகோதரர்கள் அதன் தலைவர்கள். நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்து, போய்போரிக்கு ஹகீம் என்ற மகனும் போய்சோரிக்குப் பார்ச்சின் என்ற மகளும் பிறக்கிறார்கள். தொட்டிலிலேயே இருவருக்கும் மணம் பேசி முடிக்கப்படுகிறது. ஏழு வயதில், தன் பாட்டன் அல்பின்பீ விட்டுச்சென்ற 14 பத்மன் எடையுள்ள வெண்கல வில்லைத் தூக்கி எய்து மலையின் உச்சியையே சிறுவன் பெயர்த்தெறிய, 'வீரன்' எனப் பொருள்படும் 'அல்ப்' என்னும் சொல் அவன் பெயரில் சேர்ந்து அவன் அல்போமிஷ் ஆகிறான்.

பின்னர் அண்ணன் தம்பியிடம் ஸகாத் என்னும் சமய வரியைக் கேட்கிறான். தம்பிக்கு அது அவமானமாகப் படுகிறது. பத்தாயிரம் குடும்பங்களை அழைத்துக்கொண்டு அவன் மங்கோலிய இனத்தவரான கல்மிக்குகளின் நாட்டுக்குக் குடிபெயர்கிறான். மேய்ச்சலைத் தவிர வேறு தொழில் அறியாத அந்த மக்கள், விளைந்து நிற்கும் பயிரைப் புல் என்று எண்ணிக் கால்நடைகளை அதில் விட்டு, போன இடத்தில் முதல் வம்பை விலைக்கு வாங்குவதை உஸ்பெக் பாடகர்கள் சிரிப்போடு பாடுவார்கள். கல்மிக் வீரர்கள் பார்ச்சினைப் பெண் கேட்டு மிரட்டும்போது, அவள் தானே நான்கு போட்டிகளை அறிவிக்கிறாள்: குதிரைப் பந்தயம், வில் முறியாமல் எய்தல், ஆயிரம் தப்படி தூரத்திலிருந்து நாணயத்தைக் குறிபார்த்து அடித்தல், மல்யுத்தம். கூடவே போய்சுனுக்குத் தூதும் அனுப்புகிறாள். தூதுமடலை அல்போமிஷின் தந்தை பெட்டிக்குள் ஒளித்துவைக்க, தங்கை கல்திர்கோச் அதைக் கண்டெடுத்து அண்ணனைக் குத்திக்காட்டிப் புறப்படச் செய்கிறாள். பகைவர் நாட்டு வீரனாகிய கோராஜோன் அல்போமிஷின் உயிர்த்தோழனாகி, அவனுடைய குதிரை போய்சிபோரின் மேலேறிப் பந்தயத்தில் வெல்கிறான். எதிராளிகள் கோராஜோனைக் கட்டிப்போட்டு, குதிரையின் குளம்புகளில் ஆணி அறைந்த பின்னரும் கிட்டிய வெற்றி அது.

இரண்டாம் பகுதி முற்றிலும் வேறு சுவை உடையது. கல்மிக் நாட்டிலேயே தங்கிவிட்ட மாமனாரை மீட்கச் செல்லும் அல்போமிஷ், சுர்ஹாயில் என்னும் கிழவியின் வஞ்சகத்தில் மயங்கி ஏழு ஆண்டுகள் நிலவறைச் சிறையில் கிடக்கிறான். தப்பி ஊர் திரும்பும்போது, அதிகாரத்தைப் பறித்துக்கொண்ட உல்தோன்தோஸ் பார்ச்சினை மணக்க விருந்து நடத்திக்கொண்டிருக்கிறான். கிழ மேய்ப்பன் கூல்தோயின் வேடத்தில் அந்த விருந்துக்குள் நுழையும் நாயகன், மணப்பந்தலில் பார்ச்சினோடு பாட்டுக்குப் பாட்டு எதிர்ப்பாட்டுப் பாடுவதும், வேறு எவராலும் வளைக்க முடியாத தன் பழைய வில்லை எடுப்பதும் காப்பியத்தின் உச்சம். கிரேக்கக் காப்பியமான ஒடிசியின் இறுதிப் பகுதியோடு இதற்குள்ள ஒற்றுமையை ரஷ்ய அறிஞர் விக்டர் ஷிர்முன்ஸ்கி விரிவாக ஆராய்ந்தார்.

பிரிந்த குலம் மறுபடி ஒன்றாகிறது என்பதே கதையின் முடிவு என்பதால், ஒரு புதிய குடியரசுக்கு இதைவிடப் பொருத்தமான காப்பியம் கிடைப்பது கடினம். எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் குலத்தை உடைத்தது அந்நியன் எவனும் அல்லன். அண்ணன் தம்பியிடம் கேட்ட வரிதான். ஒற்றுமையைப் போற்றும் மேடைப் பேச்சுகள் கதையின் கடைசிப் பக்கத்தை மேற்கோள் காட்டும் அளவுக்கு முதல் பக்கத்தைக் காட்டுவதில்லை.

இவற்றைப் பாடுபவர்கள் யார்?

பாக்‌ஷி என்று அழைக்கப்படும் பாணர்கள். நம் வழக்கில் பறவையைக் குறிக்கும் சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் 'பிட்சு' என்று நாம் அறிந்த சொல்லே பௌத்தத்தின் வழியாக நடு ஆசியாவுக்குச் சென்று, எழுத்தர், மருத்துவர், பாடகர் என்று பொருள் மாறி வந்திருக்கிறது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். சுர்கான்தர்யாவிலும் கஷ்கதர்யாவிலும் பாக்‌ஷி தனியாளாக அமர்ந்து, இரண்டு நரம்புகள் கொண்ட தோம்பிராவை மீட்டியபடி, அடித்தொண்டையிலிருந்து எழும் கரகரத்த குரலில் பாடுவார். குவாரிஸ்மில் குரல் திறந்து ஒலிக்கும்; தார், துதார், கிஜ்ஜக் போன்ற கருவிகளும் சேர்ந்துகொள்ளும். ஆசானிடம் பல ஆண்டுகள் தங்கி, அவருடன் ஊர் ஊராகச் சென்று கற்ற பிறகே ஒரு மாணவர் தனியாகப் பாட அனுமதிக்கப்படுவார்.

பாடல் நிகழ்வு ஒரு முழு இரவை எடுத்துக்கொள்ளும். தெர்மா எனப்படும் சிறு பாடலோடு அது தொடங்கும், தமக்குத் தெரிந்த தஸ்தான்களின் பெயர்களை அடுக்கி, "எதைப் பாடட்டும்?" என்று பாக்‌ஷி கேட்பார். கதை கொதிநிலைக்கு வந்த தறுவாயில், நள்ளிரவில், தோம்பிராவைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் எழுந்து வெளியே போய்விடுவார். அங்கே விரிக்கப்பட்ட இடுப்புத் துணியில் கேட்போர் தம்மால் இயன்றதை வைப்பார்கள். அதன் பிறகே நாயகன் சிறையிலிருந்து தப்புவான்.

வாய்மொழியாக இருந்தவை எப்போது, யாரால் எழுதப்பட்டன?

11ஆம் நூற்றாண்டிலேயே மஹ்மூத் அல்-கஷ்கரி தம் துருக்கிய மொழி அகராதியில் நாட்டார் பாடல் வரிகளைச் சான்றாக எடுத்தாண்டிருக்கிறார். ஆனால் தேசிய நோக்குடன் திரட்டும் பணி ஜதீதுகள் எனப்பட்ட சீர்திருத்தவாதிகளிடமிருந்து தொடங்குகிறது. எழுத்தாளர் ஃபித்ரத் முன்னின்று நடத்திய 'சகதாய் குருங்கி' என்னும் வட்டம், முதல் உலகப்போர் முடிந்த காலத்தில், ஊர்ப்பாடல்களையும் பழமொழிகளையும் சேகரிக்கத் தூண்டியது. பாரசீகத்தின் நிழலிலிருந்து துருக்கிய மொழியை வெளியே கொண்டுவர வேண்டும், அதற்கான ஊற்று மக்களின் வாயில் இருக்கிறது என்பது அவர்கள் கொள்கை. அதே ஃபித்ரத்தை 'தேசியவாதி' என்று குற்றஞ்சாட்டி 1938 அக்டோபரில் சோவியத் அரசு சுட்டுக் கொன்றது.

அவர் தலைமுறைக்குப் பின் இத்துறையைத் தாங்கியவர் ஹோதி ஸரிஃப் (1905–1972). உஸ்பெக் நாட்டுப்புறவியலின் நிறுவனர் என்று அவரைச் சொல்கிறார்கள். 1928இல் மஹ்மூத் ஸரிஃபோவ், சமர்கந்துக்கு அருகே புலுங்கூர் பகுதியைச் சேர்ந்த ஃபோஸில் யோல்தோஷ் ஓக்லி (1872–1955) பாடப் பாட 'அல்போமிஷ்' காப்பியத்தை எழுதிக்கொண்டார். ஏறத்தாழ 14,000 அடிகள் கொண்ட அந்த வடிவமே இன்று நிலைபெற்ற பாடமாக இருக்கிறது. ஃபோஸில் இளமையில் ஆடு மேய்த்தவர். ரஷ்யப் பேரரசரான ஜாரின் ஆட்சிக்கு எதிராக 1916இல் ஜிஸாக் நகரில் வெடித்த கிளர்ச்சியைப் பற்றியும் அவர் ஒரு தஸ்தான் இயற்றினார். எர்காஷ் ஜுமன்புல்புல் ஓக்லி (1868–1937), போல்கன் (1874–1941), இஸ்லாம் ஷோயிர் (1874–1953) ஆகியோரும் அதே தலைமுறையினர்.

இங்கே ஓர் இழப்பும் நேர்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட வடிவங்கள் பதிவாகியுள்ள ஒரு காப்பியத்தில், ஒரு பாடகரின் ஒரு வடிவம் அச்சேறிப் பாடநூலுக்குள் போனதும், மற்றவை 'வேறுபாடுகள்' ஆகிவிட்டன. பாடும் பாணருக்கோ ஒவ்வோர் இரவிலும் பாடியதே மூலம்.

சோவியத் ஆட்சி இந்த மரபை வளர்த்ததா, நசுக்கியதா?

இரண்டையும் செய்தது, சில வேளைகளில் ஒரே நூலுக்கு இரண்டும் நடந்தன. பாணர்களைத் தாஷ்கண்டுக்கு அழைத்துக் கௌரவித்த அரசு, லெனினையும் கூட்டுப்பண்ணையையும் அவர்கள் பாட வேண்டும் என்றும் எதிர்பார்த்தது. 1939இல் கவிஞர் ஹமீத் ஒலிம்ஜோன் 'அல்போமிஷ்' காப்பியத்தைச் சுருக்கிப் பதிப்பித்தார். போர்க்காலத்தில் வீரர்களுக்கு ஊக்கமூட்டிய அதே காப்பியம், 1952இல் நிலவுடைமைக் காலத்துப் பிற்போக்கு நூல், மத வெறியைப் பரப்புவது என்று பத்திரிகைகளில் தூற்றப்பட்டு விலக்கப்பட்டது. அசர்பைஜானின் 'தேதே கோர்குத்', கிர்கிஸ்தானின் 'மனாஸ்' ஆகியவையும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே குற்றச்சாட்டைச் சந்தித்தன. எனவே உஸ்பெக்குகளை மட்டும் குறிவைத்த நடவடிக்கையாக இதைக் கொள்ள முடியாது. ஸ்டாலின் இறந்த பின், 1956இல் தாஷ்கண்டில் கூடிய அறிஞர் மாநாடு இதை மக்கள் காப்பியம் என்று மீண்டும் ஏற்றுக்கொண்டது.

அந்தத் தடையின் விளைவு தடை செய்தவர்கள் எண்ணியதற்கு நேர்மாறானது என்பது என் கருத்து. குலக் காப்பியமாக இருந்த ஒன்றை 'உஸ்பெக் தேசியவாதத்தின் நூல்' என்று மாஸ்கோ குற்றஞ்சாட்டிய பிறகு, கோங்கிரத் குலத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத தாஷ்கண்ட் ஆசிரியருக்கும் அது தம்முடையதாகப் படத் தொடங்கியது.

வசந்தகாலப் புத்தாண்டான நவ்ரூஸ் திருநாளின் கதையும் இதைப் போன்றதே. 1980களின் நடுப்பகுதியில் அதிகாரிகள் அதை மதச் சார்புடையது என்று ஒதுக்கி, 'நவ்பஹோர்' என்ற பெயரில் மாற்று விழாவொன்றை முன்வைத்தார்கள். விழாப் பெயர் சில ஆண்டுகளே தாங்கியது. வீட்டு முற்றங்களில் அத்திருநாளுக்குரிய முளைக்கோதுமைக் களியான சுமலக் கொதிப்பதை மட்டும் எவராலும் நிறுத்த முடியவில்லை.

1991க்குப் பின் சுதந்திர அரசு இதை எவ்வாறு பயன்படுத்தியது?

1992 ஜூலையில் ஏற்கப்பட்ட அரசுச் சின்னத்தின் நடுவில் சிறகு விரித்து நிற்பது ஹுமோ என்னும் கதைப் பறவை. அதன் நிழல் எவர்மேல் விழுகிறதோ அவருக்கு அரச பாக்கியம் கிட்டும் என்பது மக்கள் நம்பிக்கை. அரிவாளும் சுத்தியலும் இருந்த இடத்தில் பாட்டி சொன்ன கதையின் பறவை வந்து அமர்ந்தது. 1999இல் 'அல்போமிஷ்' காப்பியத்தின் ஆயிரமாவது ஆண்டு விழா யுனெஸ்கோவின் ஆதரவுடன் கொண்டாடப்பட்டு, தெர்மெஸ் நகரில் நினைவுச்சின்னமும் எழுந்தது. வாய்மொழிக் காப்பியத்துக்குப் பிறந்தநாள் குறிப்பது ஆய்வாளருக்குச் சங்கடமான காரியம். அரசுக்கு அது தேவைப்பட்டது. பள்ளி மாணவர்களின் உடற்தகுதித் தேர்வுகளுக்குச் சிறுவர்கள் பக்கம் 'அல்போமிஷ்' என்றும் சிறுமியர் பக்கம் 'பார்ச்சினோய்' என்றும் பெயர் வைத்தார்கள்.

குராஷ் என்னும் மரபு மல்யுத்தம் இவற்றுள் வெளிநாடுகளுக்கு மிக நன்றாகப் பயணப்பட்டது. 1998இல் தாஷ்கண்டில் பன்னாட்டுக் குராஷ் சங்கம் உருவானது. 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் குராஷ் இடம்பெற்றது. முழு வெற்றியை அறிவிக்க நடுவர் உரக்கச் சொல்லும் சொல் 'ஹலோல்'. நேர்மையானது என்று பொருள். திருமண விருந்துகளின் ஓரத்தில் மண் தரையில் நடந்த கிராமத்துப் பிடி, தன் சொற்களையும் கூடவே எடுத்துக்கொண்டு உலக அரங்குக்குப் போயிருக்கிறது.

யுனெஸ்கோவின் பட்டியல்களில் இடம்பெறுவதும் ஒரு தொடர் முயற்சியாக இருந்துவருகிறது. போய்சுன் பகுதியின் பண்பாட்டு வெளி 2001இலேயே அறிவிக்கப்பட்டது. கத்தா அஷுலா என்னும் பாடல் மரபு 2009இலும், அஸ்கியா என்னும் சொற்போர் 2014இலும், பலாவ் என்னும் அரிசி உணவின் சமையல் மரபு 2016இலும், குவாரிஸ்மின் லஸ்கி நடனம் 2019இலும், பாக்‌ஷி கலை 2021இலும் சேர்ந்தன.

கசாக்குகளும் கரகல்பாக்குகளும் அல்போமிஷைத் தங்கள் நாயகன் என்கிறார்களே, அவன் யாருக்குச் சொந்தம்?

பாடியவர் அனைவருக்கும். கசாக், கரகல்பாக் மொழிகளில் 'அல்பமிஸ்' உண்டு; பாஷ்கிர் மக்களிடம் உரைநடைக் கதையாக உண்டு; அல்தாய் மலைகளில் 'அலிப்-மனாஷ்' என்ற பெயரில் உண்டு. கோங்கிரத் குலமே உஸ்பெக், கசாக், கரகல்பாக் மக்கள் மூவரிடமும் பரவியிருப்பது. கோரோக்லி என்னும் நாயகனைப் பற்றிய தஸ்தான்களின் தொடரும் அப்படியே. அசர்பைஜானில் நாயகனின் பெயர் 'குருடனின் மகன்' என்று பொருள்படுகிறது. உஸ்பெக், துர்க்மேன் வடிவங்களில் அவன் புதைகுழிக்குள் பிறந்தவன் என்பதால் 'குழியின் மகன்' ஆகிறான். சம்பில் என்னும் கற்பனை நகரத்தின் தலைவனாகிய அவன் பிள்ளைப்பேறு இல்லாதவன். வேற்றூர்ச் சிறுவர்களாகிய அவஸையும் ஹசனையும் மகன்களாக ஏற்று வளர்க்கிறான். தூய குருதியைப் பற்றிப் பேச விரும்புபவர்களுக்கு இந்தக் காப்பியம் அதிகம் உதவாது.

1924இன் எல்லைக்கோடு குதிரைகளும் பாடல்களும் போய்வந்த நிலத்தின் குறுக்கே வரையப்பட்டது. அதற்கு முந்திய பாடல்கள் அதற்கு இருபுறமும் கிடைப்பதில் வியப்பில்லை.

முல்லா நசுருதீன் உஸ்பெக்கா?

தமிழ் வாசகர்கள் 'முல்லா கதைகள்' என்று படித்துச் சிரித்த அதே மனிதரை உஸ்பெக்குகள் நஸ்ரித்தீன் அஃபந்தி என்கிறார்கள், சுருக்கமாக அஃபந்தி. துருக்கியின் அக்ஷெஹிர் நகரில் அவருக்குக் கல்லறை உண்டு. புகாராவின் லாபி ஹவுஸ் குளக்கரையில் கழுதைமேல் அமர்ந்த சிலை 1979 முதல் நிற்கிறது. 2022இல் ஏழு நாடுகள் கூட்டாக விண்ணப்பித்து அவருடைய துணுக்குகளை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துக்கொண்டன. சொத்துத் தகராறு இல்லாமல் பங்கிடப்பட்ட ஒரே அறிவாளி அவர் என்று சொல்லலாம்.

அடையாளத்தைப் பற்றிய கேள்வியில் அவருக்கு ஒரு தனியிடம் தர வேண்டும். தாஷ்கண்டின் மையச் சதுக்கத்தில் ஒருகாலத்தில் கார்ல் மார்க்ஸ் சிலை இருந்த இடத்தில் 1993 முதல் தைமூர் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். மக்கள் சொல்லும் துணுக்கிலோ தைமூர் குளியலறையில் இடுப்புத் துண்டோடு உட்கார்ந்து, "நான் என்ன விலை பெறுவேன்?" என்று கேட்கிறார். "இருபது காசு" என்கிறார் அஃபந்தி. "என் இடுப்புத் துண்டே இருபது காசு பெறுமே!" என்று தைமூர் சினக்க, "அதற்குத்தான் விலை சொன்னேன்" என்கிறார் இவர். இருவரும் ஒரே காலத்தவரா என்பது பற்றிக் கதைக்குக் கவலையில்லை. அரசு வெண்கலத்தில் வார்த்தவரை மக்கள் துண்டோடு உட்காரவைத்திருக்கிறார்கள். இரண்டும் உஸ்பெக் அடையாளமே.

இதில் பெண்களின் பங்கு என்ன?

மேடையில் குறைவாகத் தெரிகிறது, வீட்டில் அதுவே முழுமையாக இருக்கிறது. குவாரிஸ்மில் ஹல்ஃபா எனப்படும் பெண் பாடகர்கள், பெண்கள் மட்டும் கூடும் திருமண, துக்க நிகழ்வுகளில் தஸ்தான் பகுதிகளையும் பாடல்களையும் பாடுகிறார்கள். தாலாட்டும் யோர்-யோரும் ஒப்பாரியும் பெண்களின் வாயிலேயே வாழ்கின்றன. கோடை வறட்சியில் 'சுஸ்த் ஹோதின்' என்னும் சடங்கில், பெண்ணுருவில் செய்த பொம்மையைச் சுமந்து பெண்கள் வீடு வீடாகப் பாடிச் செல்ல, ஒவ்வொரு வீட்டாரும் அதன்மேல் தண்ணீர் ஊற்றுவார்கள்.

சுமலக் இவை எல்லாவற்றிலும் வலிமையானது. நவ்ரூஸுக்கு முன் கோதுமையை முளைகட்டி, அரைத்துப் பால் எடுத்து, மாவும் எண்ணெயும் சேர்த்துப் பெரிய கொப்பரையில் இரவு முழுவதும் கிளறுவார்கள். அடிப்பிடிக்காமல் இருக்கச் சிறு கூழாங்கற்களை உள்ளே போடுவார்கள். சர்க்கரை சேர்க்காமலேயே முளைக் கோதுமையின் இனிப்பு அதில் ஏறிவிடும். அக்கம்பக்கத்துப் பெண்கள் முறைவைத்துக் கிளறிக்கொண்டே பாடுவார்கள். விடியற்காலையில் கிண்ணத்தில் கல் கிடைத்தவர் மனத்தில் ஒன்றை வேண்டிக்கொள்வார். பாடநூலும் அரசாணையும் பதிப்பும் தேவைப்படாத தேசியம் இது. இதைக் கற்றுக்கொடுத்த நிறுவனம் தெருவிலுள்ள மூத்த பெண்மணி ஒருவரே.

தூமாரிஸ், ஷிரோக் ஆகிய தொன்மங்களும் நாட்டார் வழக்காறுதானா?

பள்ளிப் பாடங்கள் இவற்றை மிகப் பழைய வாய்மொழிக் கதைகள் என்று கற்பிக்கின்றன. பாரசீகப் பேரரசன் சைரஸை வீழ்த்திய மசகேத்தியர்களின் அரசி தூமாரிஸின் கதையை நமக்குத் தந்தவர் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோடஸ். தன் உறுப்புகளைத் தானே சிதைத்துக்கொண்டு தரியஸின் படையைப் பாலைவனத்துக்குள் திசைதிருப்பிய மேய்ப்பன் ஷிரோக்கின் கதையை எழுதிவைத்தவர் பொலியேனஸ். அவர்கள் நடு ஆசிய வாய்மொழியைக் கேட்டிருக்கக்கூடும். ஆனால் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் பாக்‌ஷிகள் இவற்றைப் பாடி வந்தார்கள் என்று சொல்ல இயலாது. நூலிலிருந்து மக்களிடம் திரும்பி வந்த கதைகள் இவை.

தாஜிக் மொழி பேசுவோரும் கரகல்பாக்குகளும் இந்த அடையாளத்துக்குள் எங்கே இருக்கிறார்கள்?

இது கடினமான கேள்வி. சமர்கந்திலும் புகாராவிலும் ஒரே வீட்டில் இரு மொழிகளும் புழங்குவது இன்றும் இயல்பு. நாட்டாரிசை அன்று என்றாலும், ஷஷ்மகோம் என்னும் செவ்வியல் இசையின் வரலாறு இங்கே எடுத்துச் சொல்லத்தக்கது. 1924இல் விக்டர் உஸ்பென்ஸ்கி புகாராவில் இதை இசைக்குறிப்பாக எழுதி வெளியிட்டபோது, பெரும்பாலும் பாரசீகத்தில் இருந்த பாடல் வரிகள் அச்சேறவில்லை. இசை உஸ்பெக் ஆகலாம், சொற்கள்தாம் ஆகமாட்டா. ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்து, 2003இல், உஸ்பெகிஸ்தானும் தாஜிகிஸ்தானும் சேர்ந்தே அந்த மரபை யுனெஸ்கோவிடம் முன்வைத்தன.

உஸ்பெகிஸ்தானுக்குள் தன்னாட்சிக் குடியரசாக இருக்கும் கரகல்பாக்ஸ்தானுக்குத் தனி மொழியும், கோபிஸ் என்னும், வில்லால் இழைத்து வாசிக்கும் நரம்புக் கருவியோடு பாடும் ஜிராவ் பாணர் மரபும், நாற்பது கன்னியர் வீரத்தைப் பாடும் 'கிர்க் கிஸ்' காப்பியமும் உண்டு. அம்மக்கள் இவற்றை உஸ்பெக் மரபின் ஒரு கிளையாகக் கருதுவதில்லை.

அஸ்கியா என்பது என்ன?

ஃபெர்கானா பள்ளத்தாக்கின் சொற்போர். கோகந்த், மர்கிலான் போன்ற ஊர்களில் இருவரோ இரு அணிகளோ எதிரெதிரே அமர்ந்து, ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குரிய சொற்களின் இரட்டைப் பொருளால் ஒருவரையொருவர் மடக்குவார்கள். முலாம்பழம் என்று பொருள் தீர்மானமானால் பழ வகைகளின் பெயர்கள் அனைத்தும் கேலியாக மாறும். மொழியை அறிந்தவன் மட்டுமே சிரிக்க முடியும் என்பதால், தேசிய அடையாளத்துக்கு இதைவிடக் கறாரான தேர்வு வேறில்லை. சினந்தவன் தோற்றவன்.

இன்று இந்த மரபு உயிரோடு இருக்கிறதா?

2019 ஏப்ரலில் தெர்மெஸ் நகரில் முதல் பன்னாட்டுப் பாக்‌ஷி விழா நடந்தது. பல நாடுகளின் பாணர்கள் வந்தார்கள். கல்லூரிகளிலும் இப்போது பயிற்சி தரப்படுகிறது. ஆனால் விழா மேடையில் ஒருவருக்குக் கிடைப்பவை சில நிமிடங்களே. 14,000 அடிகளிலிருந்து எந்த நாற்பது அடிகளைப் பாடுவது என்று கேட்டால், பாடகர் குதிரைப் பந்தயத்தையோ குரல் வீச்சு மிகுந்த வேறொரு பகுதியையோ எடுப்பார். மாமனின் மனக்கசப்பும் பயிரைப் புல்லென்று எண்ணிய வேடிக்கையும் மேடைக்கு வருவதில்லை. சுர்கான்தர்யாவின் ஊர்களில் கல்யாண வீட்டார் அழைக்கும்போது மட்டும் கதைக்குப் பழைய நீளம் திரும்பக் கிடைக்கிறது. அங்கே நள்ளிரவில் தோம்பிரா கவிழ்ந்து கிடக்க, இடுப்புத் துணி நிறையும் வரை அல்போமிஷ் நிலவறையிலேயே காத்திருக்கிறான்.